அப்பாவின் தட்டச்சுப்பொறிகளுக்காக அருங்காட்சியகத்தை எப்படி அணுகுவது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். அவருடைய தந்தை வடசென்னையில் பல ஆண்டுகள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மாணவர்கள் பழகிய பொறிகள் பெரும்பாலும் விற்றுப்போய்விட்டன. நான்கு மட்டும் வீட்டின் கீழ்த்தளத்தில் எஞ்சியிருக்கின்றன: ஒரு பெரிய ரெமிங்டன் தமிழ்த் தட்டச்சுப்பொறி, 'பிஜோ' என்று ஆங்கில எழுத்தில் பெயர் பொறித்த ஒரு சிறிய தமிழ்த் தட்டச்சுப்பொறி, கையால் சுற்றிக் கணக்கிடும் ஃபாசிட் பொறி, ஸ்டென்சிலில் படியெடுக்கும் ஜெஸ்டெட்னர். தம்பி எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். அம்மாவுக்கு மனமில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், 'பிஜோ'வை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, புதுப் பெயின்ட் அடித்து, தேய்ந்த எழுத்துகளை மாற்றி, 8,000 ரூபாயில் புத்தம் புதிதாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாசகி இதற்கிடையில் வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் இரண்டுக்கு எழுதிப் பார்த்திருக்கிறார். ஒன்று பதில் தரவில்லை. மற்றொன்று, தனியாரின் பொருள்களைப் பழுதுபார்ப்பதில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டது. "எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பத்துப் பொருள் என்பதால்தான் மதிக்கவில்லையா? அவர்களுடைய கிடங்கில் சும்மா கிடக்கும் பொறிகளிலிருந்து ஒரு உதிரிபாகம் தந்தால் என்ன? நூறு ஆண்டுப் பொருளை அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம் என்கிறார்களே, உண்மையா? அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் வேண்டும்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த இரண்டு வரிப் பதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களை வருத்தியிருப்பது கடிதம் முழுவதும் தெரிகிறது. அந்த மறுப்புக்கும் உங்கள் குடும்பத்தின் நிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக்கூடமும் அங்கே பணிபுரிபவர்களின் நேரமும் அதன் சொந்தச் சேகரிப்புக்காகவே ஒதுக்கப்பட்டவை; பெரும் செல்வந்தர் ஒருவர் தம் பொறியை அனுப்பியிருந்தாலும் இதே பதில்தான் போயிருக்கும். உதிரிபாகம் கேட்டதும் அப்படியே. கிடங்கில் இருக்கும் பொறி சும்மா கிடப்பதாக நமக்குத் தோன்றலாம், ஆனால் அது சேர்க்கை எண் இடப்பட்டுப் பதிவேட்டில் ஏறிய பொருள். அதிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றிக் கொடுப்பதற்குக்கூடக் காப்பாட்சியருக்குத் தனிப்பட்ட அதிகாரம் கிடையாது. விலை மதிப்பிட்டுச் சொல்லும்படி கேட்டாலும் மறுப்பார்கள். தங்கள் சேகரிப்புக்கு வெளியே உள்ள பொருள்களுக்கு, மற்றொரு அருங்காட்சியகமோ உரிய அரசு அமைப்போ முறைப்படி கேட்டாலொழிய, பண மதிப்புச் சொல்லக் கூடாது என்பது பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவையின் நெறிமுறைகளிலேயே இருக்கிறது.

அருங்காட்சியகம் தரக்கூடியது உழைப்போ உதிரிபாகமோ அல்ல, அறிவு. இந்தப் பொறி எப்போது செய்யப்பட்டது, இதன் உள்ளமைப்பு எப்படிப்பட்டது, இதே வகைப் பொறி ஒன்றில் எந்தப் பூச்சு இருந்தது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பவற்றைத் துல்லியமாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். அந்தப் பதில் உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், அது வரும்வரை பொறி கைபடாமல் இருக்க வேண்டும். எனவே மெக்கானிக்கிடம் 'பிஜோ'வை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

நான்கும் ஒரே வகைப் பொருள்கள் அல்ல

நான்கையும் ஒன்றாக வைத்து, ஒரே முடிவு எடுக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பெரிய ரெமிங்டன் தமிழ்ப் பொறிகள் நம் ஊரில் ஏராளமாகப் புழங்கியவை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுகளுக்காக இன்றும் இன்ஸ்டிடியூட்டுகள் இயங்குவதால், அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் பழைய பொறியிலிருந்து கழற்றிய பாகங்களும் சென்னையில் இன்னும் கிடைக்கிறார்கள், கிடைக்கின்றன. இதற்கு அருங்காட்சியகம் தேவையே இல்லை. உங்கள் தந்தையோடு பழகிய இன்ஸ்டிடியூட்காரர்களைக் கேட்டாலே போதும். ரிப்பன், இறுகிப்போன ரோலரின் ரப்பர், கேரேஜை (தாளைத் தாங்கி நகரும் மேற்பகுதியை) இழுக்கும் நாடா போன்றவை தேய்வதற்கென்றே உள்ளவை, அவற்றை மாற்றுவதில் தவறில்லை. இந்தப் பொறி ஓடட்டும், உங்கள் பிள்ளைகள் அதில் தட்டிப் பழகட்டும்.

'பிஜோ' அப்படியல்ல. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழுக்கு வகுத்த விசைப்பலகையை ஏற்று, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் இருந்த சைடல் அண்ட் நௌமான் நிறுவனம் தமிழ்ப் பொறிகளைச் செய்தது. அந்நிறுவனத்தின் 'எரிகா' என்ற சிறிய பொறியே ஆங்கிலம் புழங்கும் நாடுகளில் 'பிஜோ' என்ற பெயரில் விற்கப்பட்டது. உங்கள் வீட்டில் இருப்பது அந்த வழியில் வந்ததாக இருந்தால், தமிழ் எந்திர எழுத்தின் தொடக்கக் காலத்துக்கான நேரடிச் சான்று அது. அதன் கறுப்புப் பூச்சு, தங்க நிற எழுத்து, விசைகளின் மேலுள்ள எழுத்துவில்லைகள், அடித்தகட்டில் பழைய மெக்கானிக் யாரோ கீறி வைத்த தேதி எல்லாமே அந்தச் சான்றின் பகுதிகள். புதுப் பெயின்ட் அடித்தால் இவை ஒரே நாளில் போய்விடும், எந்த அருங்காட்சியகத்தாலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எழுத்து அச்சுகளை மாற்றுவதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தான யோசனை. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா முதலானவையும் ணை, லை, ளை, னை ஆகியவையுமாகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முற்பட்ட பொறியில் பழைய வடிவங்களை அடிப்பதற்கான ஏற்பாடு இருக்கிறதா, அல்லது பிற்காலத்தில் யாராவது அந்த அச்சுகளை ஒட்டவைத்து மாற்றியிருக்கிறார்களா என்பது ஆய்வாளர்கள் உங்களிடம் முதலில் கேட்கக்கூடிய கேள்வி. தேய்ந்திருக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டால் பிறகு சொல்வதற்குப் பதிலே இருக்காது.

ஃபாசிட் சுவீடனின் ஓட்விதாபெர்க் ஊரில் பிறந்த பொறி; பத்து எண் விசைகளோடு கூடிய அந்த அமைப்பு 1932-இல் வந்தது. சுற்றும் கைப்பிடி நடுவழியில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சுற்று முழுமையடையாமல் நின்றால் உள்ளே பூட்டிக்கொள்வது இத்தகைய பொறிகளின் இயல்பு. பலத்தைக் கொண்டு திருப்பினால் பற்கள் உடையும், அப்படியே விட்டுவையுங்கள். ஜெஸ்டெட்னரைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. காய்ந்த மையை மட்டும் மேலாகத் துடைத்து, படம் எடுத்து வைத்தால் போதும்.

யாரிடம் கேட்பது

பொதுவான அறிவியல் அருங்காட்சியகங்களுக்கு எழுதுவதைவிட, பொறி பிறந்த ஊரின் அருங்காட்சியகத்துக்கு எழுதுவது பலன் தரும் என்பது என் அனுபவம். லண்டன், வாஷிங்டன் போன்ற இடங்களிலுள்ள பெரிய நிறுவனங்களுக்கு உலகெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிகின்றன. ஓட்விதாபெர்கில் ஃபாசிட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பொறியின் கையேட்டையும், பூட்டிக்கொண்ட கைப்பிடியை விடுவிக்கும் முறையையும் அவர்களிடம் கேளுங்கள். 'பிஜோ'வுக்கு டிரெஸ்டன் நகரின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை அணுகுங்கள். ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் அமெரிக்கப் பதிவேடுகள் டெலவேர் மாநிலத்திலுள்ள ஹேக்லி அருங்காட்சியக நூலகத்தில் இருக்கின்றன, ஆனால் உங்கள் பொறியைப் பழுதுபார்க்க அவை தேவைப்படா. உங்களுக்கு வரலாற்று ஆர்வம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்பாக, நீங்கள் போக வேண்டிய இடம் எழும்பூர். மெட்ரோவில் சென்ட்ரலில் மாறி இறங்கினால் பாந்தியன் சாலை தொலைவில்லை. 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில், வெண்கலப் படிமங்களைத் தின்னும் அரிப்பைத் தடுப்பதற்காக 1930-களில் உருவாக்கப்பட்ட வேதியியல் பாதுகாப்புக்கூடம் இருக்கிறது, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் படிமங்களைச் சுத்தம் செய்த பெருமைக்குரிய இடம் அது. தட்டச்சுப்பொறி அவர்களுடைய அன்றாட வேலையல்ல. ஆனால் கடற்காற்றின் உப்பு உலோகத்தில் ஏறினால் என்ன ஆகும், சென்னையின் ஈரத்தில் துரு எப்படி மீண்டும் மீண்டும் கிளம்பும் என்பதை சுவீடனில் இருப்பவரைவிட இவர்கள் நன்றாக அறிவார்கள். பொறியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காப்பாட்சியருக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் வேண்டுகோள் கொடுத்து, படங்களோடு சென்று, "நிக்கல் பூசிய எஃகில் இந்த இடத்தில் துரு இருக்கிறது, மேற்பூச்சு கெடாமல் இதை நிறுத்த என்ன செய்யலாம்?" என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆலோசனை சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம். ஆனால் இப்படிக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் குறைவு.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

நீங்கள் முன்பு அனுப்பிய கடிதத்தின் நகலைப் பார்த்தேன். தந்தையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். பொறியைப் பற்றி இருப்பது மூன்று வரி, வரிசை எண் இல்லவே இல்லை. படிப்பவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. கேரேஜை ஓரத்துக்குத் தள்ளி அடியிலும், பக்கவாட்டிலும், பின்புறச் சட்டத்திலும் தேடினால் பொறித்த எண் கிடைக்கும். அந்த எண், முன்பின் இரு பக்கங்கள், விசைப்பலகை, அடிப்பகுதி ஆகியவற்றின் தெளிவான படங்கள், பழுது எது என்பதைச் சொல்லும் இரண்டு வாக்கியங்கள், கடைசியில் ஒன்று அல்லது இரண்டு கேள்விகள் போதும். "எப்படிச் சரிசெய்வது?" என்பது பதில் சொல்ல முடியாத கேள்வி. "இந்த வரிசை எண்ணுக்கு உரிய ஆண்டு எது, இதன் பூச்சு எந்த வகை, கையேட்டின் எந்தப் பக்கத்தில் கேரேஜைக் கழற்றும் முறை இருக்கிறது?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எல்லா விசைகளையும், மேல்நிலையிலும் கீழ்நிலையிலும், வரிசைப்படி ஒரே தாளில் அடித்த எழுத்துப் படி அது. ரிப்பன் காய்ந்திருந்தால், வெள்ளைத் தாளின் மேல் கார்பன் தாளை மைப்பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து உருட்டி, ரிப்பன் விலகி நிற்கும் ஸ்டென்சில் நிலையில் மெதுவாக அடித்தால் எழுத்து விழும். தமிழ்ப் பொறியில் புள்ளிக்கும் 'ி' போன்ற குறிகளுக்கும் உரிய விசைகளை அடிக்கும்போது கேரேஜ் நகராது, ஏனென்றால் அதே இடத்தில்தான் அடுத்து எழுத்து விழ வேண்டும். தமிழ் தெரியாத வல்லுநர் இதைப் பழுது என்று நினைத்துச் சரிசெய்யச் சொல்லக்கூடும். எந்தெந்த விசைகள் நகராதவை என்பதை நீங்களே குறித்து அனுப்பினால் அந்தக் குழப்பம் வராது, அவர்களும் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வார்கள். இந்த இடத்தில் உதவி கேட்பவர் நீங்கள் மட்டுமல்ல; இந்தப் பொறியின் விசைப்பலகையைப் படிக்கத் தெரிந்தவரின் கடிதம் டிரெஸ்டனுக்கு அடிக்கடி வருவதில்லை. தயங்காமல் எழுதுங்கள். இரண்டு மாதம் பதில் இல்லை என்றால் ஒரு முறை நினைவூட்டுவதில் தவறில்லை.

அதுவரை நீங்களே செய்யக்கூடியவை

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, முனையில் வலைத்துணி கட்டிய வேக்குவத்தால் இழுத்துவிடுங்கள். வலை இல்லாவிட்டால் சிறு திருகாணிகள் போய்விடும். மண்ணெண்ணெய் வேண்டாம். அது அழுக்கைக் கரைத்துவிட்டுத் தான் எண்ணெய்ப் படலமாகத் தங்கி, மீண்டும் தூசியைச் சேர்க்கும்; ஊறவைத்தால் தங்க எழுத்தையும் ரப்பரையும் கெடுக்கும். எழுத்து அச்சுகளைத் தாங்கும் கைகள் செருகியிருக்கும் அரைவட்டப் பள்ளங்களில் எந்த எண்ணெயும் விடக் கூடாது என்பது மெக்கானிக்குகளே ஒப்புக்கொள்ளும் விதி. கடையில் கிடைக்கும் துரு நீக்கிகளும் உப்புத்தாளும் நிக்கல் பூச்சை உரித்துவிடும். சில பழைய பொறிகளின் விசை வில்லைகளில் செல்லுலாய்டு உண்டு, அது எளிதில் தீப்பற்றும். பற்றவைத்தல் போன்ற சூடான வேலை எதையும் அதன் அருகில் அனுமதிக்காதீர்கள்.

சட்டமும் உரிமையும்

நூறு ஆண்டுக் கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, குறைந்தது 100 ஆண்டு பழமையுடைய, வரலாற்று ஆர்வத்துக்குரிய பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். ஆனால் எல்லாத் தொல்பொருள்களையும் பதிவு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சிற்பம், ஓவியம், ஓவியங்களுடன் கூடிய சுவடி என்று அரசு அறிவிக்கை செய்த வகைகளுக்கே பதிவு உண்டு. தட்டச்சுப்பொறி அந்தப் பட்டியலில் வராது. உங்களுடையது நூறைத் தொட்டுவிட்டதா என்பது வரிசை எண்ணைக் கொண்டுதான் தெரியும்; தொட்டிருந்தாலும் பதிவு தேவையில்லை. ஆகவே வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை, பயமுறுத்துபவர்களை நம்பி அவசரமாக விற்றுவிடாதீர்கள். நூறு ஆண்டைக் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது மட்டும் தடை செய்யப்பட்டது. பழுதுபார்ப்பதற்காகப் பொறியை ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, அவ்வளவு எடையுள்ள பொறி கப்பலிலோ விமானத்திலோ குலுங்கிப் போய்ச் சேரும்போது கேரேஜ் வளைந்திருக்கும். வேண்டாம்.

கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவது பற்றி நீங்கள் நினைத்திருப்பது சரியல்ல. நன்கொடையாக எழுதிக் கொடுத்து, அவர்களும் ஏற்றுப் பெற்றுக்கொண்டபின், அந்தப் பொருள் அவர்களுடையது. மனம் மாறியதால் மட்டும் திரும்பக் கேட்க முடியாது. எப்போதும் காட்சியில் வைப்பார்கள் என்ற உறுதியும் கிடையாது. திரும்ப வேண்டும் என்றால் 'இரவல்' என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதில் கால அளவு, ஒப்படைக்கும்போது இருந்த நிலை, காப்பீடு, என்னென்ன வேலை செய்யலாம் என்பவை இடம்பெற வேண்டும். காலவரையற்ற இரவலைப் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதைச் செய்வதானாலும் முடிவெடுக்கும் உரிமை தம்பிக்கு மட்டும் இல்லை, உங்களுக்கு மட்டும் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பம் என்றால், உயில் இல்லாத நிலையில் தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் அம்மாவுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு உண்டு, திருமணமான பெண்களுக்கும்தான். தம்பி காயலான் கடைக்குப் போட வேண்டுமானாலும், நீங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டுமானாலும் மற்றவர்களின் சம்மதம் வேண்டும். அருங்காட்சியகமே அந்தச் சம்மதக் கடிதத்தைக் கேட்கும். தம்பியிடம் சட்டத்தைக் காட்டிப் பேசுவதைவிட, நான்கில் மூன்றை அவர் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்து, 'பிஜோ' ஒன்றைப் பற்றி மட்டும் பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர் இடத்துக்காகத்தான் சொல்கிறார் என்று தெரிகிறது. 'பிஜோ' ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிடும். ரெமிங்டனை அம்மா விடமாட்டார் என்றால் அது வேறு பேச்சு, அதை வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே செய்ய வேண்டிய ஒன்று

நான்கும் கீழ்த்தளத்தில் இருக்கின்றன என்றீர்கள். ஐப்பசி மழைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் 'பிஜோ'வையும் ஃபாசிட்டையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். தூக்கும்போது கேரேஜைப் பிடிக்காமல் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தேங்கும். வெளுத்த பருத்தித் துணியால் மூடி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பூச்சுக்கும் செல்லுலாய்டுக்கும் நல்லதல்ல. ரெமிங்டனையும் ஜெஸ்டெட்னரையும் ஏற்ற முடியாவிட்டால் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, முழங்கால் உயரத்துக்கு மேல் நிறுத்துங்கள். இதை முடித்தபின் வரிசை எண்களைத் தேடி எடுத்து எனக்கும் எழுதுங்கள். டிரெஸ்டனுக்கு அனுப்பும் கடிதத்தை அனுப்பும் முன் பார்த்துத் தருகிறேன்.